ஆளி விதையும் பதினெட்டு டன் கேஸும்

பிப்ரவரி 10, திங்கள்

இந்த நோட்டு நான் வாங்கியதில்லை. நாமக்கல்லில் நான் காட்டுகிற ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் என்று ஓர் அம்மணி இருக்கிறாள். பெயர் ஷர்மிளா. அவள் கொடுத்தது. இன்றிலிருந்து என் வாய்க்குள் போவதையெல்லாம் தேதி போட்டு எழுத வேண்டுமாம். மாதம் ஒருமுறை கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுப்பாடம்.

"லாரி லாக் புக்கையே நான் ஒழுங்கா எழுதுனதில்ல அம்மணி" என்றேன்.

"பொய் எழுதுனாலும் பரவால்லைங்க சார். மூணு மாசம் கழிச்சு ரத்தத்துல தெரிஞ்சுரும்" என்றாள்.

வாய்த்துடுக்கு. இருந்தாலும் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நான் கேஸ் டேங்கர் ஓட்டுகிறேன். மங்களூரில் லோடு ஏற்றிச் சேலம், ஈரோடு பக்கம் கொண்டுவந்து இறக்குவது. பதினெட்டு டன். இருபத்தாறு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. எங்கள் முதலாளி இந்த வருடம் புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார். கேஸ் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். எனக்குப் பத்து புள்ளி நாலு. மே பன்னிரண்டாம் தேதி மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அன்றைக்கும் எட்டைத் தாண்டினால் வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும். ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டு டயர் நம்பர் எழுதுகிற வேலை கொடுப்பார்களாம்.

அந்த நாற்காலியில் நான் உட்கார மாட்டேன். முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன்.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கண் மங்கலாகத் தெரிகிறதா, இல்லை. தலை சுற்றுகிறதா, இல்லை. கால் மரத்துப்போகிறதா, இல்லை. மாத்திரையை மாற்றி எழுதினார். ஒரு வேளையும் விடக் கூடாது என்றார்.

இன்று சாப்பிட்டது: காலை இட்லி ஆறு. டீ நாலு, சர்க்கரை போட்டது. மதியம் சோறு, எவ்வளவு என்று அளக்கவில்லை. ராத்திரி பரோட்டா மூன்று. உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன், அம்மணி பயந்துகொள்ளட்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று எழுத விட்டுப்போனது. எங்கள் வண்டியில் அடுப்பு கிடையாது. மற்ற லாரிக்காரன் மர நிழலில் ஓரம்கட்டி ஸ்டவ்வைப் பற்றவைத்து ரசம், சோறு, முட்டை என்று ராஜா மாதிரி தின்பான். கேஸ் வண்டிக்குத் தீக்குச்சியே ஆகாது. அதனால் வழியில் எந்தக் கடை இருக்கிறதோ அதுதான் எங்களுக்குச் சமையலறை, அங்கே என்ன மைதாவோ அதுதான் எங்களுக்கு விதி. இதை அம்மணியிடம் சவாலாகத்தான் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அப்பத் தீயே வேண்டாத சாமானாச் சொல்றேன்" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். சியா விதை, ஒரு ஸ்பூன், தண்ணீரிலோ மோரிலோ அரை மணி நேரம் ஊறவைத்தது, சாப்பாட்டுக்கு முன்னால். ஆளி விதை, தினம் இரண்டு ஸ்பூன், எதன் மேலாவது தூவி. டீயில் சர்க்கரை கூடாது. பரோட்டா கூடாது. மாத்திரைக்கு இது மாற்று இல்லை, மாத்திரையோடு இது.

சியா என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆளி விதை தெரியாமல் இருக்குமா. திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் பலகைக்குப் பூசுகிற எண்ணெய் அந்த விதையிலிருந்து வருவதுதான். மழைக்கும் வெயிலுக்கும் பலகை வெடிக்காது.

"லாரி பாடிக்குப் பூசறதை எம்பட பாடிக்கும் பூசச் சொல்றியா அம்மணி?" என்று கேட்டேன்.

"அந்த எண்ணெய் வேறங்க சார், அதைக் குடிச்சுராதீங்க. இது விதை. பலகை வெடிக்கலைன்னு நீங்களே சொல்றீங்க, நல்ல சாமான்தானே" என்றாள்.

கடைவீதியில் இரண்டும் கால் கிலோ வாங்கினேன். என் வீட்டுக்காரி பூங்கொடி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, லவ்பேர்ட்ஸ் வாங்கப் போறீங்களா?" என்றாள்.

பிப்ரவரி 13, வியாழன்

மங்களூர் போகிற வழி. என்னோடு மாற்று டிரைவர் நாச்சிமுத்து. பத்தொன்பது வருடமாக ஒரே வண்டி. நான் ஓட்டும்போது அவன் பின் பெர்த்தில் தூங்குவான், அவன் ஓட்டும்போது நான். பெண்டாட்டியின் குறட்டையைவிட இவன் குறட்டை எனக்குப் பழக்கம்.

காலையில் பாட்டிலில் ஒரு ஸ்பூன் சியாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் எல்லா விதையும் ஒன்றாகச் சேர்ந்து அடியில் கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. மேலே வெறும் தண்ணீர்.

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தான். "மாப்ளே, தவளை முட்டை வெச்சிருக்குது. தேங்குன தண்ணியிலதான் வெக்கும். உம்பட பாட்டிலுக்குள்ள எப்படி வந்துச்சு?"

கம்பியை விட்டுக் கிளறித் தின்றேன். அவனுக்காகவே இரண்டு தடவை மென்றேன்.

பிப்ரவரி 15, சனி

கண்டுபிடித்துவிட்டேன். பாட்டிலைத் தரையில் வைக்கக் கூடாது. கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹாசன் தாண்டி ரோடு போட்டிருக்கிற லட்சணத்துக்கு நாற்பது கிலோமீட்டரில் ஒவ்வொரு விதையும் தனித்தனியாகப் பூத்துவிடுகிறது. ஒரு கட்டி கிடையாது. அம்மணி, உன் படிப்பில் இது இருக்காது. எழுதிக்கொள்.

மதியம்: தோசை மூன்று, மேலே ஆளி விதை இரண்டு ஸ்பூன் அப்படியே தூவி. டீ இரண்டு, சர்க்கரை இல்லாமல். கஷாயத்தைவிட மோசம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சியா, மோரில். ஆளி இரண்டு ஸ்பூன், தயிர்ச் சோற்றில். மாத்திரை போட்டாயிற்று.

வலது கால் செருப்பைக் காணோம். எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. டீக்கடைக்காரர் சொல்லித்தான் பார்த்தேன். மட்டமான செருப்பு, வார் தொளதொளவென்று இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

அவமானம், ஆனால் எழுதுகிறேன்.

மங்களூரில் லோடு ஏற்றும் யார்டுக்குள் போகும்போது கேட்டில் செல்போன், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இன்று புதிதாக ஒரு செக்யூரிட்டி, காசர்கோட்டுக்காரர். என் சட்டைப் பையில் சியாப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டார். முகர்ந்தார். விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"சேட்டா, இது எந்தா? போதை சாதனம் அல்லல்லோ?"

"சர்க்கரைக்குங்க" என்றேன்.

"இது சர்க்கரையா?"

பின்னால் எட்டு வண்டி நிற்கிறது. எல்லோரும் இறங்கி வேடிக்கை பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொட்டலத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, இரண்டு ஸ்பூன் அளவு வாயில் போட்டு, காய்ந்த விதையை அப்படியே மென்று, ஒரு சொம்புத் தண்ணீரை அவர் கண்ணெதிரே குடித்தேன். பார்த்துக்கொள் என்று மார்பைத் தட்டினேன்.

மார்பைத் தட்டிய இடத்திலேயே அது நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. உள்ளே ஊறி ஊறி உப்புகிறது என்று எனக்கே தெரிகிறது. முக்கால் மணி நேரம் கேட் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அதே செக்யூரிட்டிதான் முதுகைத் தடவி விட்டார். நல்ல மனுஷன். போகும்போது, "ஞான் விசுவசிச்சு சேட்டா, இனி திந்நு காணிக்கண்டா" என்றார். நம்பிவிட்டாராம், இனிமேல் தின்று காட்ட வேண்டாமாம். எட்டு வண்டிக்காரர்களும் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

அம்மணியிடம் நோட்டைக் காட்டினேன். கேட்டில் நடந்ததைப் படித்துவிட்டு மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "சத்தியமா இனிமே காய்ஞ்சதைத் திங்காதீங்க சார். தொண்டைய அடைச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கும்" என்றாள்.

அடுத்த இடி. ஆளி விதையை முழுதாகத் தின்றால் பிரயோஜனமே இல்லையாம். தோல் கெட்டி. உள்ளே எப்படிப் போகிறதோ அப்படியே வெளியே வந்துவிடுமாம். இத்தனை நாளும் மங்களூருக்கும் சேலத்துக்கும் ஆளி விதையை லோடு ஏற்றி இறக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சீட்டுல பொடின்னு எழுதியிருக்கேன் பாருங்க."

எழுதியிருக்கிறது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை இருநூற்றுப் பத்திலிருந்து நூற்று அறுபத்திரண்டுக்கு இறங்கியிருக்கிறது. பரோட்டாவை விட்டதற்கும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டதற்கும் என்கிறாள். விதைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

பூங்கொடி ஆளி விதையை வெறும் சட்டியில் வறுத்தாள். படபடவென்று வெடித்தது. வரமிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, கல்லுப்பு, சுண்டைக்காய் அளவு புளி, எல்லாம் போட்டு மிக்ஸியில் பொடித்தாள். வீடு முழுக்க எள்ளுப்பொடி வாசம் மாதிரி, ஆனால் எள் இல்லை. சூடான சோற்றில் ஒரு ஸ்பூன் போட்டுப் பிசைந்து பார்த்தேன். நன்றாகவே இருந்தது. இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொண்டேன். அவள் ஒரு பாட்டில் நிறையக் கட்டிவிட்டாள்.

"மாமா, இத நாச்சிமுத்து அண்ணனுக்குங் குடுங்க" என்றாள். சந்தோஷமாக இருந்தால் மாமா, இல்லாவிட்டால் ஏனுங்க.

மார்ச் 21, வெள்ளி

காலை: இட்லி மூன்று, ஆளிப் பொடி. சியா, எலுமிச்சைத் தண்ணீரில், உப்புப் போட்டு. மதியம்: சோறு ஒரு கை, கீரை, கொள்ளுப் பருப்பு, மறுபடி பொடி.

ஹோட்டலில் பக்கத்து மேஜைக்காரர்கள் பொடியைக் கேட்டு வாங்கித் தோசைக்குத் தொட்டுக்கொண்டார்கள். நாச்சிமுத்து நான் கேட்காமலேயே தன் தட்டில் போட்டுக்கொள்கிறான். தவளை முட்டையும் குடிக்கிறான். வாய் மட்டும் ஓயவில்லை.

கை கழுவப் போகும்போது நாச்சிமுத்து, "மாப்ளே, நில்லு, தரையெல்லாம் ரத்தம்" என்றான். உள்ளங்காலில் ஓர் ஆணி. முக்கால் அங்குலம் இருக்கும். எப்போது ஏறியது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் வெறுங்காலோடு திரிந்த கால், தோல் அவ்வளவு கெட்டி. பிடுங்கிப்போட்டு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டில். பூங்கொடி எனக்கு ஒரு ஜோடி சாண்டல் வாங்கி வைத்திருக்கிறாள். குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்தது, பக்கிள் போட்டு இறுக்கிக் கட்டுகிற மாதிரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடுவது போல இருக்கிறது. எதற்கென்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ராத்திரி ராகிக் களி, கீரைக் கடைசல். என் காலை எடுத்து மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். விரல் இடுக்கெல்லாம் பார்த்தாள். "தெரியுதுங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். "என்ன தெரியுது?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு. என் அப்பன் எழுந்து வந்தாலும் நம்ப மாட்டான். ஷெட்டில் மானேஜர், "என்னுங்க, நாற்காலியெல்லாந் தொடைச்சு வெச்சிருக்கறோம்" என்று நக்கல் செய்தான். "நீயே உட்கார்ந்துக்க" என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அம்மணி நோட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். பச்சை மையில் நாலு இடத்தில் 'நன்று' என்று போட்டாள். ஆணி ஏறிய பக்கத்தில் ஒன்றும் போடவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"சார், சாண்டலைக் கழட்டுறீங்களா? கால் பாக்கணும்."

"லோடுக்கு நேரமாச்சு அம்மணி."

"ரெண்டு நிமிசந்தான்."

"அடுத்த தடவை" என்று எழுந்துவிட்டேன்.

அவள் வேலை சாப்பாட்டோடு நிற்க வேண்டும். சாப்பாட்டை நோட்டில் எழுதுகிறேன். சர்க்கரையை ரத்தத்தில் பார்க்கட்டும். காலைப் பற்றி யாரும் சட்டம் போடவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பூங்கொடி பாயசம் வைத்தாள், ஜவ்வரிசிக்குப் பதில் சியா போட்டு, வெல்லம் பேருக்கு. அரை டம்ளர் குடித்தேன். எழுதிவிட்டேன், திட்டிக்கொள்.

ஏப்ரல் 25, வெள்ளி

சியா. ஆளி. மாத்திரை. பட்டன் அமுக்குகிற மாதிரி ஆகிவிட்டது. இடுப்பில் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. இதெல்லாம் உண்மை. இந்த விதை, பொடி, சர்க்கரையில்லாத டீ, எல்லாவற்றையும் நான் நக்கல் செய்துகொண்டேதான் தின்றேன், அவை அதைப் பொருட்படுத்தாமல் வேலை செய்திருக்கின்றன.

மே 2, வெள்ளி

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி கொஞ்சம் ஓடிவிட்டது. லோடு வண்டி, இறக்கம், முன்னால் போகிறவன் சொல்லாமல் பிரேக் போட்டால் யாருக்கும் அப்படித்தான். ஒன்றும் நடக்கவில்லை.

கீழே வந்து ஓரம்கட்டினோம். நாச்சிமுத்து என்னவோ சொன்னான். அதை எழுத மாட்டேன்.

மதியம் சாப்பிடவில்லை.

மே 3, சனி

நான் ஓட்டினேன். நாச்சிமுத்து தூங்கவில்லை.

மே 7, புதன்

சியா, மோரில். ஆளிப் பொடி, சோற்றில். கத்திரிக்காய்.

மங்களூர் போய் வந்தாயிற்று. போக வர நான் ஓட்டிய நேரமெல்லாம் அவன் முன்சீட்டில் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பேச்சுக் கொடுத்தால் பேசுகிறான். பெர்த்துக்கு மட்டும் போவதில்லை. கண் சிவந்து கிடக்கிறது.

மே 12, திங்கள்

ரத்தம் கொடுத்தேன். ஊசி குத்திய பெண்ணிடம், "கெட்டியா எழுதிக்க, சென்னியப்பன்" என்றேன். நாளைக்கு ரிசல்ட்.

மே 13, செவ்வாய்

ஏழு புள்ளி ஒன்று.

மறுபடியும் எழுதுகிறேன். ஏழு புள்ளி ஒன்று. பத்து புள்ளி நாலிலிருந்து. டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். முதலாளி ரிப்போர்ட்டைப் படித்து மேஜையில் தட்டினார். "சென்னியப்பா, எங்கிட்ட இருக்கற இருபத்தஞ்சு வயசுப் பசங்களுக்கே இந்த நம்பர் இல்லப்பா" என்றார். டிராயரைத் திறந்து புது வண்டிச் சாவியை எடுத்துக் கையில் வைத்தார். போன வாரம்தான் ரிஜிஸ்டர் ஆன வண்டி. ஏசி கேபின். சீட்டில் இன்னும் பாலிதீன் கவரைப் பிரிக்கவில்லை. வியாழக்கிழமை முதல் லோடு.

மானேஜர் எழுந்து நின்று வணக்கம் வைத்தான். நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு வந்தேன்.

பூங்கொடியிடம் சாவியைக் காட்டினேன். சாவியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

மே 14, புதன்

அம்மணி, இதை நீ படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். இன்று காலையில் மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். இப்போது அடிக்க மாட்டேன்.

மே இரண்டாம் தேதி, தொப்பூரில் இரண்டாவது வளைவு. மத்தியான வெயில். முன்னால் தக்காளிப் பெட்டி ஏற்றிய மினி லாரி ஒன்று. பெட்டிகளுக்கு மேலே தலையில் துண்டு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த வண்டிக்காரன் திடீரென்று நின்றான். நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். வண்டி குறையவில்லை. என் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுத்துக் குனிந்து பார்த்தேன். கால் பிரேக்கின் ஓரத்தில் பாதியும் வெறும் தரையில் பாதியுமாக இருந்தது. எடுத்து வைத்து மிதித்தேன். நிமிர்ந்தபோது பெட்டியில் எழுதியிருந்த மண்டிக்காரர் பெயரைப் படிக்க முடிந்தது. அந்தப் பெண் இரண்டு கையையும் என்னைப் பார்த்துத் தூக்கியிருந்தாள். கும்பிட்டாளா, தடுத்தாளா, தெரியவில்லை. நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். எனக்குப் பின்னால் பதினெட்டு டன்.

அன்றைக்கு மட்டும்தான் குனிந்து பார்த்தேன் என்றில்லை. மார்ச் மாதத்திலிருந்தே பார்த்துக்கொண்டுதான் ஓட்டினேன். பிரேக் போடும் முன்னால் ஒரு பார்வை, காலுக்கு. பழகிவிட்டது, யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பஞ்சுமேல் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று பிப்ரவரியிலேயே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். இல்லை என்று சொன்னேன். சொன்னால் சாவியை வாங்கிக்கொள்வார்கள்.

நாச்சிமுத்து அன்றைக்குச் சொன்னது இது. "மாப்ளே, நீ கீழ குனிஞ்சு பாத்தே. நா ஆருகிட்டயுஞ் சொல்ல மாட்டேன். ஆனா நீ ஓட்டற வண்டியில இனி எனக்குத் தூக்கம் வராது."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். முதலாளியிடம் போட்டுக்கொடுத்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அவன் பாட்டுக்குத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். பத்தொன்பது வருடம் என்னை நம்பி வாயைப் பிளந்து தூங்கியவன்.

யாருக்கும் பயந்து இதை எழுதவில்லை. எழுதாமல் விட்டால் நாளைக்குக் காலை புது வண்டி என்னுடையது. ரிப்போர்ட் என் பக்கம்.

மே 15, வியாழன்

காலை ஏழு மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். புது வண்டி கழுவி நின்றது. முதலாளி தேங்காய் உடைக்கத் தயாராக இருந்தார். சாவியை அவர் கையில் வைத்தேன்.

"என்னப்பா, வண்டி பிடிக்கலையா?"

"புடிக்காம என்னுங்க. ஓட்ட மாட்டேனுங்க."

"ரிப்போர்ட்டெல்லாம் நல்லா இருக்குதேப்பா."

"ரிப்போர்ட்டு சர்க்கரையத்தானுங்க சொல்லுது. எம்பட காலு செத்துப்போச்சுங்க. பிரேக்கு எங்க இருக்குதுன்னு பாத்துத்தான் மிதிக்கறேன்."

அவர் என் காலைப் பார்த்தார். பக்கிள் போட்ட சாண்டலைப் பார்த்தார். "எத்தனை நாளா?" என்றார். சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போய்விட்டது. கை ஓங்குவார் என்று நினைத்தேன், ஓங்கியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தேங்காயைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் பம்பரில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே, "நல்லவேளை நீயே சொன்னே" என்றார்.

"நாந்தான் சொல்லோணுங்க. வேற ஆரு சொன்னாலும் எறங்கியிருக்க மாட்டேன்."

சாவி நாச்சிமுத்துவிடம் போயிற்று. அவன் ஏறவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். "ஏறுடா, லோடுக்கு நேரமாச்சு" என்று நான்தான் கத்தினேன். மாற்று டிரைவராக வேறொருவன் ஏறினான். வண்டி கேட்டைத் தாண்டும்வரை பின்னால் நின்று வழி பார்த்து, "போலாம், போலாம்" என்று கை காட்டினேன். பிறகு ஆபீஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் அழுதேன். மானேஜர் பார்த்தான். பார்க்கட்டும்.

நாற்காலியில் உட்காரவில்லை. டயர் நம்பரை நின்றுகொண்டே எழுதினேன்.

மே 16, வெள்ளி

அம்மணி நேற்றையதையும் முந்தாநாள் எழுதியதையும் படித்தாள். பச்சைப் பேனாவை மூடி வைத்துவிட்டு டாக்டரைக் கூட்டிவந்தாள். என்னைக் கண்ணை மூடச் சொன்னார்கள். மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலைத் தொடுவார்களாம், தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டுமாம். ரொம்ப நேரம் காத்திருந்தேன். ஆரம்பிக்கலாமே என்று கேட்டேன்.

"முடிஞ்சுதுங்க சார்" என்றாள். வலது காலில் பத்து இடம் தொட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை ஆமாம் என்றேனாம்.

சாண்டல் பக்கிளை மாட்டிக்கொண்டே கேட்டேன்.

"போனது திரும்பி வருமா?"

"வரும்னு பொய் சொல்ல மாட்டேன் சார். சர்க்கரைய இதே ஏழுல நிறுத்துனா, இருக்கறத முடிஞ்ச வரைக்கும் காப்பாத்தலாம். விட்டீங்கன்னா புண்ணு வரும், நீங்க பாக்கறதுக்குள்ள விரலு போகும், அப்பறம் பாதம். தினம் ராத்திரி உள்ளங்கால பாக்கணும். பாத்துட்டு இதே நோட்டுல எழுதணும்."

"விதை?"

"அதையும் திங்கணும். வண்டிதான் இல்லையேன்னு பரோட்டாக் கடைக்குப் போயிராதீங்க."

அவள் அப்படி நினைத்திருக்கிறாள். மூன்று மாதம் நான் தின்றது முதலாளியின் சட்டத்துக்காக. இப்போது எனக்கு யாரும் சட்டம் போடவில்லை, தேதி குறிக்கவில்லை, தோற்றால் வாங்கிக்கொள்ள யார் கையிலும் என் சாவி இல்லை. ஆகவே இனிமேல்தான் திங்கப் போகிறேன்.

காலை: ராகிக் களி ஓர் உருண்டை, ஆளிப் பொடி இரண்டு ஸ்பூன். மோரில் சியா ஒரு ஸ்பூன், கரண்டியால் கலக்கியது. மாத்திரை. ராத்திரி பூங்கொடி கண்ணாடி பிடித்தாள், இரண்டு உள்ளங்காலையும் பார்த்தேன். புண் இல்லை.

எந்த டாக்டர் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாலும் அம்மணி இந்த நோட்டைக் காட்டட்டும். சென்னியப்பன் சுடுகாட்டுக்குப் போகும்போது இரண்டு காலோடுதான் போவான்.